வாரம் தவறாமல்

பிள்ளைகள் மூவரும் அந்த ஏழு சீட்டுக் காருக்குள் ஏறி, ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அப்பாவும் அம்மாவும் வேறொன்றுக்கு.

“டீசல்தான்,” என்றான் அவன்.

“பெட்ரோல் போதும்,” என்றாள் அவள்.

விற்பனையாளருக்கு இது தினசரிக் கூத்து. “மேடம் சொல்றதுதான் சார் சரி. டவுனுக்குள்ளயே ஓட்டுனா டீசல் கட்டுப்படியாகாது. அடிக்கடி தூரமா போவீங்களா?”

“வாரம் தவறாம போவேன்.”

“ரெண்டு மாசம் போவாரு,” என்றாள் அவள். “அப்புறம் வேலை, அசதின்னு நின்னுடும். இவரைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“வாரா வாரம் குடும்பத்தோட டூர்! குடுத்து வச்சவங்க மேடம் நீங்க,” என்று விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

கூடச் சிரிக்க ஆளில்லை. அவன் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“டூர் இல்லீங்க. எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு. அடுத்த மாசம் இவங்க பிள்ளைங்களோட அவங்க அம்மா ஊருக்கே போயிடறாங்க. அரை நாள் ஓட்டம். வெள்ளிக்கிழமை போய்க் கூட்டிட்டு வரணும், ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடணும்.”



அவள் காருக்குள் இருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனிடம் சொன்னாள்:

“டீசலே எடுங்க.”