எவன் போட்ட உத்தரவு?

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இந்த மழைக்கு ஏற்ற கதை ஒன்று சொல்கிறேன். பயமாக இருந்தால் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்ளுங்கள்.

“கயித்த அவுத்து வுடுடா மாயவா! யாரு வண்டின்னு தெரியல?”

மாயவனுக்குத் தெரியாமல் என்ன? ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன் அவன். அந்த வெள்ளைக் காரைத் தூரத்தில் கண்டாலே பீடியைக் கீழே போட்டுவிடுவான். காரிலிருந்து இறங்கியவர் தாண்டவராயன். ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகூட அவரைத் ‘தலைவர்’ என்றுதான் சொல்லும்.

மாலை ஆறு மணி. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், மலட்டாற்றுத் தரைப்பாலம். இக்கரையில் கார், அக்கரையில் ஊர். பாலத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குச் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மாயவன் இக்கரைக்கு வந்து, இரண்டு புளியமரங்களுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டான். பால்காரர் பாண்டுரங்கன், “என்னடா, ஆத்துக்கே மாப்பிள்ளையா நீ?” என்று கேலி பேசிவிட்டுத்தான் திரும்பிப் போனார். அவர் போன பிறகு துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

“அணையத் தொறந்துட்டாங்களாம் தலைவரே. யாரா இருந்தாலும் வுடக் கூடாதுன்னு உத்தரவு.”

“எவன் போட்ட உத்தரவு? தாசில்தாரா?”

“இல்லீங்க.”

“அப்ப பி.டி.ஓ.வா?”

மாயவன் இல்லை என்று தலையாட்டினான்.

“டேய், இது ஊராட்சி ரோடு. என்னைக் கேக்காம மூட எவனுக்குடா அதிகாரம்? திண்டிவனத்துல ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள, நீ இங்க டோல்கேட் போட்டுக்கினு நிக்கிறியா?”

கார்க் கண்ணாடி இறங்கியது. தலைவரின் மகள் சங்கவி எட்டிப் பார்த்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“மாயவண்ணா, வீட்ல அம்மா தனியா இருக்குது. மத்தியானத்துலேர்ந்து போன் போட்டுக்கினே இருக்கிறேன், எடுக்கல. பயமா இருக்குதுண்ணா. எப்படியாவது வுட்டுடு.”

மாயவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கயிற்று முடிச்சை இன்னும் இறுக்கினான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“பேரைச் சொல்லுடா, உன்னை ஒண்ணும் பண்ணல. சொல்லலைன்னா நாளைலேர்ந்து மோட்டார் ரூம் சாவி உன் கையில இருக்காது.”

“சாவிய இப்பவே வாங்கிக்கோங்க தலைவரே. பேரு மட்டும் கேக்காதீங்க.”

“அவ்ளோ திமிரா?” தலைவர் அவனை ஒரு தள்ளு தள்ளினார். சேற்றில் விழுந்தவன் எழுவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டார். “எத்தினி வெள்ளம் பார்த்தவன்டா நான். ஜல்தியா அடிச்சா அரை நிமிஷம், அந்தாண்ட போய்டலாம்.”

அவர் காருக்குத் திரும்புவதற்குள் மாயவன் ஓடிப்போய் முன்சக்கரங்களுக்குக் குறுக்கே படுத்துவிட்டான்.

“எம்மேல ஏத்திக்கினு போங்க. கைக்குழந்தையோட நான் வுட மாட்டேன்.”

“பேஜாரு புடிச்சவன்டா நீ! எழுந்திருடா!”

அப்போதுதான் தவளைச் சத்தம் சட்டென்று அடங்கியது. மேற்கே, நூறு லாரிகள் ஒன்றாக வருவதுபோல் ஓர் உறுமல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலத்தின் வெள்ளை ஓரக்கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. வேரோடு பெயர்ந்து வந்த ஒரு பனைமரம் பாலத்தில் மோதியது. மடார் என்று ஒரு சத்தம். நடுப்பாலத்தைக் காணோம்.

சங்கவி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அலறினாள். தலைவர் கார்க் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார்.



“மாயவா,” என்றார் கடைசியில். “நாங்க மூணு உசுரும் உள்ள போயிருப்போம்பா. யாருப்பா அந்தப் புண்ணியவான்? அந்தாளு கால்ல விழணும் நான்.”

“அடிக்க மாட்டீங்களே தலைவரே?”

“உன்னையா? சேச்சே!”

“என்னை இல்லீங்க.”

மாயவன் சட்டைக்குள் கைவிட்டு, பாலிதீன் பையில் சுற்றிவைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். தலைவர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். ஊராட்சி முத்திரை, அதன்மேல், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் போட்ட கோணல்மாணலான ஒரு கையெழுத்து: ‘அஞ்சம்மாள், ஊராட்சி மன்றத் தலைவர்.’

பெண்களுக்கென்று ஒதுக்கிய அந்தப் பதவிக்குத் தன் மனைவி ஜெயித்த நாள் முதல், அவள் பெயரை எல்லாக் காகிதங்களிலும் எழுதிவந்தது தாண்டவராயன்தான். அஞ்சம்மாள் தன் கையால் போட்ட முதல் கையெழுத்து இது.

உங்கள் வாசல்படியில் வெள்ளம் ஏறாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் சொல் அம்பலம் ஏறட்டும். பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருங்கள்.