கேப்டன் ஆன்லைனில் இல்லை

"எம் பையன் ஆன்சன் ஆறு மணிக்கு வந்துருவான். அதுக்குள்ள இந்த கேம் ஓடலைன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவான் தம்பி" என்றார் ஞானசீலன்.

அழகுபாண்டி தலையை ஆட்டிக்கொண்டே திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை.

சரியாக ஐந்து மணிக்கு அவன் விளாங்குடியில், தன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாக வேண்டும். இதே துப்பாக்கிச் சண்டை கேமில் அன்றைக்கு மாவட்ட இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்கு சென்னை போகும். விளாங்குடி அணிக்கு அழகுபாண்டிதான் கேப்டன். அவன் இல்லாவிட்டால் மற்ற நாலு பேரும் எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிவது என்றுகூடத் தெரியாமல் நிற்பார்கள்.

அந்த நாலு பேரும் சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட அழகுபாண்டி, பக்கத்தில் போட்டி நாள், நேரம். செலவுக்கு உதவியதால் கீழே அவன் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையின் பெயரும் போன் நம்பரும். எதிர் அணியில் எல்லோருமே புனைபெயரில்தான் ஆடினார்கள். யார், எவர் என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கென்று பார்த்து திருநகரிலிருந்து ஞானசீலனின் போன் வந்தது. ஊருக்கு அந்தக் கோடியில் இருந்துகொண்டு நம்ம கடையை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று முதலாளிக்கே ஆச்சரியம். அழகுபாண்டிதான் வர வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாகச் சொன்னாராம். உன் வேலைக்கு நல்ல பேருடா என்று தட்டிக்கொடுத்த முதலாளி, முடிக்காமல் திரும்பி வராதே என்றும் சொல்லி அனுப்பினார்.

கேமைத் திறந்தான். திரை கறுத்து, தானாக மூடிக்கொண்டது. ஏதோ ஃபைல் அழிந்திருந்தது. அதை மறுபடி இறக்கப் போட்டான். பச்சைக் கோடு ஊர்ந்து முடிவதற்குள் நாலு மணி ஆகிவிட்டது.

ஞானசீலன் தானே டீ போட்டு, சீடையும் எடுத்து வந்தார். மனைவி விக்டோரியா டீச்சர் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். சனிக்கிழமை என்றால் வீடு தன் தலையில்தான் என்றார்.

இப்போது கேம் திறந்தது. ஆனால் சர்வரோடு இணைக்க முடியவில்லை என்றது. மோடத்தை அணைத்துப் போட்டான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கடைசியில் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தால், நெட் ஒயர் பாதி கழன்று நின்றது. சுற்றிலும் ஒரு வருஷத் தூசி. அந்த ஒயரின் முனையில் மட்டும் தூசியே இல்லை. எலி இழுத்திருக்கும் என்றார் ஞானசீலன்.

நாலு இருபது. இப்போது கிளம்பினாலும் பைபாஸைப் பிடித்துப் போய்விடலாம். லாகின் மட்டும்தான் பாக்கி.

பாஸ்வேர்டு டைரியில் எழுதியிருப்பதாகச் சொன்னார். டைரி கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி கிடைத்த பிறகு எழுத்தெழுத்தாக நிறுத்திப் படித்தார். தவறு என்றது திரை. அது ஏழு இல்லை, ஒன்று போலிருக்கிறது என்றார். மறுபடியும் தவறு. ஐந்தாவது முறையும் தவறாகிப் போனதில், அரை மணி நேரம் கழித்து வரவும் என்று கணக்கையே பூட்டிவிட்டது.

மணி நாலே முக்கால். இனி பறந்தாலும் விளாங்குடி எட்டாது.

அணியில் ஒருவனான கருத்தக்கண்ணன் போனில் கத்தினான். "மாப்ள, எல்லாரும் உள்ள வந்தாச்சு. உன் பேரு மட்டும் பச்சையாகல. எங்கடா இருக்க?"

அழகுபாண்டி போனை வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், என்னோட ஐடியைப் போட்டுப் பாக்கட்டுமா? கோளாறு கம்ப்யூட்டர்லயா, உங்க பையன் அக்கவுன்ட்லயான்னு தெரிஞ்சுரும்" என்றான்.

"அது மட்டும் வேணாம் தம்பி. அடுத்த ஆளு கணக்கை இதுல ஏத்துனா ஆன்சனுக்குப் பிடிக்காது."

அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை. போட்டி, சென்னை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தோற்றால் அந்த ஃப்ளெக்ஸ் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரே ஒரு ஆட்டம், இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆடிவிட்டுப் போகிறேன் என்று கும்பிட்டான்.

ஞானசீலன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இம்புட்டு விஷயம் இருக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. இரு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அழகுபாண்டி கீபோர்டில் கையை வைத்துத் தயாராக உட்கார்ந்தான். ஐந்துக்கு இன்னும் ஒரு நிமிஷம்.

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, ஞானசீலன் குரலைத் தாழ்த்திப் பேசினார்:

"விக்டோரியா, கேப்டன் நம்ம வீட்டுலதான் இருக்கான், நீ பதறாமச் சுடு."