அண்ணி வாசித்த குற்றப்பத்திரிகை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இந்த மருத்துவமனை அலுவலகத்தில் நான் சேர்வதற்கு முந்தைய வருடம் நடந்தது. மூன்றாவது மாடி வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் மருந்தக அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னது. நடுவில் யார் எதைக் கூட்டினார்கள், குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

செவிலியர் உதவியாளர் வேலை. இருந்தது ஒரே ஒரு இடம். நேர்காணலுக்குக் கடைசியாகக் கூப்பிடப்பட்டவள் அந்தப் பெண்.

"அனுபவச் சான்றிதழ் எங்க?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"இல்லைங்க மேடம். வீட்டுல பார்த்த அனுபவம்தான். அண்ணியோட அம்மா பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தாங்க. நான்தான் பார்த்துக்கிட்டேன்."

"உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் வந்தாங்க. அத்தனை பேரும் சான்றிதழ் காட்டினாங்க. நீங்க பார்த்துக்கிட்டீங்கன்னு யாரும்மா சொல்லுவாங்க?"

அவள் யோசித்தாள். அண்ணன் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அண்ணி.

அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணியின் அம்மா போய்ச் சேர்ந்த இந்த மூன்று மாதத்தில், "இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்று அண்ணி இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இந்த வேலையும் கைநழுவினால், மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இல்லை.

வேறு வழியில்லாமல் எண்ணைக் கொடுத்தாள். தலைமை நர்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னார்.

"அவளா?" அண்ணியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அவளைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க மேடம். ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்."

"பரவாயில்ல, ஆரம்பிங்க." தலைமை நர்ஸ் பேனாவைத் திறந்தார்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டா. எங்கம்மா அப்பதான் கண்ணசந்திருப்பாங்க. ரெண்டு மணி நேரமாச்சுன்னு வந்து நிப்பா, புரட்டிப் படுக்க வைக்க. விடுடி, தூங்கட்டும்னு சொன்னா கேட்டாத்தானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம்?"

"படுத்த வாக்குலயே ரெண்டு வாய் ஊட்டினா என்ன குறைஞ்சா போயிரும்? ஊஹூம். நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை அண்டக் குடுத்து, முழுங்கிட்டாங்களான்னு பார்த்துப் பார்த்து ஊட்டுவா. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்! வீட்டுல மத்த வேலையெல்லாம் யார் செய்யிறது?"

"ம்."

"துணி மாத்தும்போது கதவைச் சாத்திருவா. பெத்த பொண்ணு நான், என்னையே வெளிய நில்லுங்கன்னு சொல்லுவா. பேச்சு நின்னுபோன மனுஷிகிட்ட, 'இப்ப இடது கையைத் தூக்கப் போறேன் அத்தை, பயப்படாதீங்க'ன்னு ஓயாம பேச்சு வேற. எனக்குச் சளி பிடிச்சா வாசப்படியோட நிறுத்திருவா. பெரிய டாக்டரம்மான்னு நினைப்பு!"

"படுக்கைப் புண் வந்துச்சா?"

"எங்கேர்ந்து வரும்? அவ வர விட்டாத்தானே?"

"எப்பவாவது கோபத்துல கத்தியிருக்காங்களா?"

அண்ணியின் குரல் இறங்கியது.

"எங்கம்மா அவ மேல தம்ளரைத் தூக்கி எறிஞ்சிருக்காங்க மேடம். என் மேலயும்தான். நான் கத்தியிருக்கேன். அவ கத்தினதில்ல."

அதோடு அண்ணி போனை வைத்துவிட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சிருங்க மேடம். அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"உட்காருங்கம்மா," என்றார் தலைமை நர்ஸ். "இங்க மொத வாரப் பயிற்சியில நாங்க தலைபாடா அடிச்சுக்கிற அத்தனையையும் உங்க அண்ணி ஒண்ணு விடாம சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துருங்க. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிட்டு வாங்க."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம், ரொம்ப நன்றி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

"எனக்கெதுக்கு நன்றி? வீட்டுல போய்ச் சொல்லுங்க."

வீட்டில் போய்ச் சொன்னாள். அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் என்ன பண்ணினேன்? இருக்கிற குறையைச் சொன்னேன். அப்பாடா, பகல்ல உன் தொல்லை இருக்காது. போ, கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

அண்ணி கெடுக்கப் பார்த்தார், அது தனக்கு நல்லதாக முடிந்தது என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் வார்டுக்குள் நுழையும்போது தலைமை நர்ஸை நினைத்து மனசுக்குள் கும்பிடுகிறாளாம். அண்ணிக்குச் சொன்ன நன்றி மட்டும் ஒப்புக்குச் சொன்னது என்று மருந்தக அக்காவிடம் சிரித்தாளாம்.

போன மாதம், பழைய நியமனப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. அந்த வருடத்துப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். அந்த ஒரே இடத்துக்கு வந்த மனுக்கள் பதின்மூன்று. பதின்மூன்றாவது அவளுடையது. நான்காவது, அதே கதவு எண்ணிலிருந்து, அண்ணியுடையது. நாத்தனார் மனு கொடுத்த மறுநாள் தேதி போட்டு, அதன் குறுக்கே சிவப்பு மையில், 'மனுதாரர் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறது.