போன் இல்லாத அரை மணி நேரம்

எவர்சில்வர் டப்பாவுக்குள் போனை வைத்து மூடினாள்.

"மெதுவா மூடு கோதை. சத்தம் பதியுது."

திறந்தாள். மெதுவாக மூடினாள்.

உள்ளே போனது பழைய போன். திரை உடைந்து அலமாரியில் கிடந்த ஒன்று. புதிய போன் ஸ்டாண்டில் நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நின்று இவள் புருஷனும் பார்த்தான். அதன் வழியாகத்தான்.

டாக்டரம்மா சொன்னது வேறு.

வீடியோக்களுக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது என்று இவள் அழுதபோது, இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "விளக்கு வச்சதும் அரை மணி நேரம் போனைத் தூக்கி உள்ள போடுங்க. எதிரெதிர உக்காந்து பேசுங்க. மாத்திரையோட இதுவும் மருந்துதான்."

தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். பெரிய அக்கறை! படியிறங்கும்போதே தலைப்பு வைத்துவிட்டான். "போன் இல்லாத அரை மணி நேரம். நல்லாப் போகும், பாரேன்."

போயிற்று. முதல் வீடியோவுக்கு இதயங்களாகக் கொட்டினார்கள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவதி, 'அக்கா முகத்துல களையே இல்ல' என்று எழுதியிருந்தாள்.

அதனால் இன்றைக்கு உதட்டுச் சாயம். அவனே வாங்கி வந்தது.

"ம், மனசு விட்டுப் பேசு. நான் எதிர்ல இருக்கேன்னு நெனச்சுக்கோ."

நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

எதிர் நாற்காலியில் சார்ஜர் கிடந்தது.

இவள் அதைப் பார்த்துப் பேசினாள்.

"மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகவே பயமா இருக்குங்க. கைப்பிடிச் சுவர்கிட்ட போனா, காலு திரும்ப மாட்டேங்குது. உங்ககிட்டதான் சொல்றேன்."

முன்னாலிருந்த விளக்கின் சுடர் சாய்ந்து எழுந்தது.

"பிரமாதம்!" என்றான். "இதைத்தான் எதிர்பார்த்தேன். கடைசில மட்டும் சுடர் உன் முகத்துக்கு நேரா வந்துடுச்சு. இன்னொரு தடவை சொல்லிடு. அந்த மாடியை விட்டுறாத."

இவள் எழுந்தாள்.

ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றினாள். அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"நான் இப்ப என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க."

கேமரா தன்னைப் பார்ப்பதைக் கண்டான்.

தலையைக் கோதிக்கொண்டான்.