வினாத்தாளில் இல்லாத கூடு

அன்று மாநிலம் முழுக்க மூன்றாம் வகுப்புக்கு ஒரே பரீட்சை. வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்த அணில், எதிரே செல்போன் டவரில் கூடு கட்டிக்கொண்டிருந்த காகத்திடம் ஓடியது.

"அக்கா, 'காகம் எங்கே கூடு கட்டும்?'னு கேட்டிருக்காங்க. மரம், புற்று, குளம், இதுல ஒண்ணுக்குத்தான் வட்டம் போடணும். நறுமுகைன்னு ஒரு பொண்ணு உன்னையே பார்த்துப் பார்த்துப் பென்சிலைக் கடிக்கிறா. டவர்தான் அதுல இல்லையே!"

"அடப் பாவமே, பிள்ளைக்கு மார்க் போயிடுமே!"

காகம் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு போய் வகுப்பு ஜன்னலோர வேப்பமரத்தில் வைத்து, அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. நறுமுகை சிரித்துக்கொண்டே 'மரம்' என்பதற்கு வட்டம் போட்டாள்.

மணி அடித்தது.

"இனிமே இங்கேதானா அக்கா?" என்றது அணில்.

"அதான் பரீட்சை முடிஞ்சிடுச்சே!" என்ற காகம், குச்சியோடு டவருக்கே பறந்தது.