தேசப்பன் எழுதிய சைபர்

“கட்டில் கால் முழுகிடுச்சின்னு சொல்றேன், நீ என்னடான்னா...”

“கம்பத்துல சைபர்தான் காட்டுது செங்கேணி, அதுக்கு நான் என்ன...”

“சைபராம் சைபர்! அப்ப என் முட்டி வரைக்கும் நிக்கிறது என்ன, மோரா?”

பக்கத்தில் நின்று கத்தும் மனைவியை விட்டு, மீட்பு நிலையத்துக்குப் போட்ட அலைபேசியைத் தேசப்பன் காதோடு அழுத்திக்கொண்டான். ஏரி முகத்துவாரத்தில் நிற்கும் நீர்மட்ட அளவுக் கம்பத்துக்கு வர்ணம் பூசுவது அவன் வேலை. கடல் ஏற ஏற, வருஷா வருஷம் மாசியில் மேலிடத்து உத்தரவு வரும். பழைய சைபரைச் சுரண்டிவிட்டு ஒரு சாண் மேலே புதிதாக எழுதுவான், கோணல் இல்லாமல். கம்பத்தின்படி பார்த்தால் எட்டு வருஷமாக ஊரில் வெள்ளமே வந்ததில்லை.

சைபருக்கு மேல் இரண்டடி ஏறினால்தான் மீட்புப் படகு தானாகக் கிளம்பும். மனிதர் கூப்பிட்டால் வராது.

கட்டிலின் மேல் பெஞ்சைப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் கஸ்தூரியைப் படுக்க வைத்திருந்தார்கள். வலி எடுத்து ஒரு பகல் ஆகிவிட்டது.

“தங்கள் பகுதியில் நீர்மட்டம் இயல்பாக உள்ளது” என்றது அலைபேசி, இனிமையாக.

“அந்தச் சைபரை அழிச்சிட்டுக் கீழ எழுதுய்யா! பெயிண்ட் இருக்குதில்ல?”

“கீழ எல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குதும்மே. ஈரத்துல வர்ணம் ஒட்டாது.”

கஸ்தூரி வீறிட்டாள். செங்கேணி மகளின் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்த கையைப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“பனிக்குடம் உடஞ்சிடுச்சி. இந்தத் தண்ணியாவது உன் கம்பத்துக்குத் தெரியுமாய்யா?”