குறை ஏறாத காப்பகம்

பெருங்குடியில் பார்த்த குழந்தைகள் காப்பகம் ஒவ்வொன்றிலும் ஏதாவது குறை. பால் ஆறிப்போனது, பாய் ஈரமாயிருந்தது என்று சுவரில் அரசாங்கம் பொருத்தியிருக்கும் ஆய்வுக் கேமராக் கண் தேதியோடு பதிந்து வைத்திருந்தது. கைக்குழந்தையோடு படியேறி இறங்கி மதிவதனிக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

கடைசியாக வந்த இந்த இடத்தில் மட்டும் பல வருஷமாக ஒரு குறைகூடப் பதிவில் ஏறவில்லை. அப்பாடா என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் குழந்தையைப் பாயில் கிடத்தினாள். அது வீறிட்டது.

ஆயா செல்வராணி ஓடிவந்து குனிந்தாள். நீட்டிய கைகள் பாதியில் நின்றன. சுவர்க்கண்ணைப் பார்த்துவிட்டுக் கைகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

"தூக்குங்களேன்க்கா."

"பால் குடுக்க, துணி மாத்தத்தாம்மா தூக்கலாம். அழுவுதேன்னு தூக்குனா குறை ஏறிடும்."

இன்னொரு இடம் தேட மதிவதனிக்குத் தெம்பில்லை. எழுந்துபோய், கண்ணுக்கும் பாய்க்கும் நடுவே சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"இப்பத் தூக்குங்க. அந்தக் கண்ணுக்குத் தெரியாது."

செல்வராணி குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை அடங்கியது. முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்கு யாரும்மா வந்து இப்படி நிப்பாங்க?"